வீட்டுப் புங்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் வீட்டடியிலோ தோட்டத்துச் சாளை வாசலிலோ ஒரு புங்கன் வைக்க நினைக்கிறவர்களுக்கான பக்கம் இது. புங்கன் முரட்டு மரம். வேர் பிடித்துவிட்டால் அப்புறம் அதைச் சாகடிப்பதுதான் கஷ்டம். ஆனாலும் முதல் இரண்டு வருடத்தில் போய்விடுகிற கன்றுகள் நிறைய. தண்ணீர் விடாததால் செத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோண்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி, பையில் சுருண்ட ஆணிவேர். மிச்சத்தில் பெரும்பங்கு, தப்பான மாதத்தில் வைத்தது.

புங்கன் நம்ம ஊர் மரம்தானா?

நம்ம ஊர் மரம்தான். இந்தியாவில் ஆற்றோரம், ஓடையோரம், வாய்க்கால் மேடு என்று தானாகவே முளைத்துக் கிடப்பது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரைக்கும் உண்டு. புளியம்பட்டிப் பக்கம் புங்கம்பள்ளி என்று ஊருக்கே பெயர் இருக்கிறது. சாலையோரத்தில் பெரிதாக நிற்கிற தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, சிவப்பாகப் பூக்கிற மயில்கொன்றை மடகாஸ்கர் மரம். புங்கன் அப்படி வந்ததில்லை. நர்சரிச் சீட்டில் பொங்காமியா பின்னேட்டா என்றோ மில்லெட்டியா பின்னேட்டா என்றோ எழுதியிருந்தால் இரண்டும் இதுதான்.

நர்சரியில் புன்னையைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்களா?

ஏமாற்றுவதை விட, பெயர் குழம்பிக் கொடுப்பதுதான் நடக்கும். புன்னைக்குத் தனி இலை. தடித்து, எண்ணெய் பூசின மாதிரி இருக்கும். புங்கனுக்கு ஒரு காம்பில் 5 அல்லது 7 சிற்றிலை, நுனியில் எப்போதும் ஒற்றை. கொழுந்து செம்பு நிறத்தில் வந்து பிறகு பச்சையாகும். இலையைக் கசக்கி மோந்தால் வாடை பிடிக்காது. அதுதான் புங்கன்.

எங்கள் மனை 3 சென்ட். வைக்கலாமா?

வேண்டாம். வளர்ந்த புங்கன் 30, 40 அடி உயரம் போகும், அதே அகலத்துக்குக் கவியும். வீடு கட்டினது போக 3 சென்ட்டில் அதற்கு இடம் மிஞ்சாது. நெல்லி, பவழமல்லி, மந்தாரை இதில் ஒன்றை வையுங்கள். தொட்டியில், மாடியில் வைக்கிற பேச்சே வேண்டாம்.

எவ்வளவு தூரம் தள்ளி வைக்கணும்?

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி, காம்பவுண்டுச் சுவரிலிருந்து 10 அடி, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, போர் மூன்றிலிருந்தும் 20 அடி. மின்கம்பிக்கு நேர் கீழே கூடவே கூடாது. 20 அடியாவது தள்ளுங்கள். இல்லாவிட்டால் வருடா வருடம் கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் வெட்டி, மரம் கோணலாகிவிடும்.

புங்கனுக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும், பக்க வேரும் நன்றாகப் பரவும். வேர் தானாகப் போய் நல்ல சுவரை உடைப்பதில்லை. கசிகிற குழாய், விரிசல் விட்ட தொட்டி, இவற்றின் ஈரத்தைத் தேடித்தான் போய் நுழைகிறது. வைக்கும் முன்னாடியே கசிவை அடைத்துவிடுங்கள்.

எந்தத் திசையில்?

வாஸ்து கேட்கிறீர்கள் என்றால் அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள். நிழலும் காற்றும் கேட்கிறீர்கள் என்றால், வடமேற்கு.

காரணம் இதுதான். சித்திரை, வைகாசியில் வெயில் வீட்டைச் சுடுவது சாயங்காலம் 3 மணிக்கு மேல். அந்த மாதங்களில் சூரியன் நேர் மேற்கில் இறங்குவதில்லை, கொஞ்சம் வடக்கே தள்ளி இறங்குகிறது. அதனால் வடமேற்கில் நிற்கிற மரம்தான் மேற்குச் சுவருக்கு நிழல் தரும். அதே சமயம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். தென்மேற்கு மூலையில் பெரிய மரம் இருந்து ஒரு கிளை முறிந்தால் கூரை மேல்தான் விழும். வடமேற்கில் இருந்தால் பெரும்பாலும் வீட்டைத் தாண்டிப் போய்விடும். மனை அமைப்பு விடாவிட்டால் மேற்கே வையுங்கள், ஆனால் தூரத்தை 20 அடியாக்குங்கள்.

எந்த மாதம் வைப்பது? ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்களே?

அது வெள்ளாமைக்குச் சொன்னது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை நன்றாகக் கிடைக்கும், அங்கே அப்போதே வைக்கலாம். பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலைக்குக் கிழக்கே எல்லாம் அதே மாதங்களில் வருவது காற்றுதான், மழை கொஞ்சம். புதிதாக நட்ட கன்றின் வேர் மண்ணைப் பிடிக்கும் முன்னால் காற்று அதை நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும். தூருக்கும் மண்ணுக்கும் நடுவில் புனல் மாதிரி ஒரு ஓட்டை விழும். காலையில் போய்ப் பாருங்கள், விரல் நுழையும். அதன் வழியாக வெயிலும் காற்றும் போய் வேர் காய்கிறது. மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும்போதே கன்று கருகுவது இப்படித்தான்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் வையுங்கள். வடகிழக்கு மழை முழுசாகக் கிடைக்கும். அடுத்த ஆடிக்குள் வேர் ஒன்பது மாதம் இறங்கியிருக்கும்.

கன்று வாங்கி வைப்பதா, விதை போடுவதா?

வீட்டுக்கு ஒன்றிரண்டு மரம் என்றால் குழியிலேயே நேரடியாக விதை போடுவதுதான் எங்கள் யோசனை. புங்கன் விதை முளைக்கும்போது மேலே துளிர் தெரிவதற்கு முன்னாடியே கீழே வேர் விரல் நீளம் இறங்கிவிடும். அந்த வேரைப் பைக்குள் அடைத்தால் அடியில் மோதி வளையமாகச் சுற்ற ஆரம்பிக்கும். பையில் ஒரு வருடம் இருந்த 4 அடிக் கன்றை விட, குழியில் முளைத்த அரையடிச் செடி மூன்றாம் வருடத்தில் முந்திவிடும்.

விதை எடுப்பது: மாசி, பங்குனியில் நெற்று பழுப்பாகிக் கிடக்கும். புழு ஓட்டை இல்லாத, கனமான நெற்றாகப் பொறுக்கி, உடைக்காமல் நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள். ஒரு வருடம் வரை முளைக்கும், ஆனால் நாளாக ஆக முளைப்பு குறையும். அதனால் குழிக்கு 3 விதை.

போடுவது: நெற்றின் விளிம்பில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஓடு பிளக்கும். உள்ளே ஒரு விதை, சிலதில் இரண்டு. செம்பழுப்புத் தோல் கிழியாமல் எடுங்கள். சாதாரணத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். காம்பு ஒட்டியிருந்த தழும்பு கீழே பார்க்கும்படி, ஒரு விரற்கடைக்கும் குறைவான ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளிப் பதியுங்கள். 10 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வரும். ஆழமாகப் புதைத்தால் அழுகும். முக்கால் அடி வளர்ந்ததும் திடமானது ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடி வேரும் அசையும்.

கன்றுதான் வாங்கியாகிவிட்டது. என்ன பார்க்கணும்?

வாங்கும்போதே பையைத் தூக்கிப் பாருங்கள். தரையோடு பிடித்துக்கொண்டு 'பட்' என்று அறுபட்டால், வேர் பையைத் துளைத்து மண்ணுக்குள் போயிருந்தது என்று அர்த்தம். அந்தக் கன்று வேண்டாம். பையின் அடியை அமுக்கிப் பாருங்கள். கயிற்றுச் சுருள் மாதிரிக் கட்டியாக இருந்தாலும் வேண்டாம். 2 அடி உயரம், பென்சில் கனம், 6 மாத வயது போதும். உயரமான கன்றுக்கு அதிகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

நடும்போது பையைப் படுக்கவைத்து பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள். மண் உருண்டையின் அடியில் சுருண்டிருக்கிற வேரை அரை அங்குலம் நறுக்கிவிடுங்கள். வேரை வெட்டலாமா என்று கை நடுங்கும். வெட்டாவிட்டால் அந்தச் சுருள் அப்படியே தடித்து, ஏழெட்டு வருடம் கழித்து மரம் காற்றுக்குச் சாயும்போதுதான் தெரியவரும். பைக்குள் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, குழியிலும் அதே மட்டம், தண்டைப் புதைக்காதீர்கள்.

போத்து (வெட்டின கிளைத்துண்டு) நட்டால் வராதா?

பூவரசு மாதிரி நட்டதெல்லாம் பிழைக்காது. கட்டை விரல் கனப் போத்தில் கொஞ்சம் வேர் பிடிக்கும், நிறையக் காய்ந்து போகும். பிழைத்ததுக்கும் ஆணிவேர் இருக்காது, அதனால் காற்றடிக்கிற ஊருக்கு ஆகாது. சீக்கிரம் காய்க்கட்டும் என்று ஒட்டுக்கன்று விற்கிறார்கள். அது எண்ணெய்க்காகத் தோப்பு போடுகிறவர்களுக்கு. நிழலுக்கு விதைக்கன்றே மேல்.

குழி எப்படி?

செவ்வல் மண்ணில் 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழம். மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகக் குவியுங்கள். அதோடு மக்கின தொழு உரம் 5 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு அரைக் கிலோ கலந்து திருப்பி நிரப்புங்கள். மக்காத சாணம் போட்டால் கறையான் வரும். செவ்வலில் அது நிச்சயம்.

கருமண்ணாக இருந்தால் முதலில் ஒரு சோதனை. குழி நிறையத் தண்ணீர் விட்டு மறுநாள் பாருங்கள். இன்னும் நின்றால் அடியைக் கடப்பாரையால் குத்தி உடைத்து, இரண்டு சட்டி சரளை கலந்து மூடுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் குழியே தொட்டியாகிக் கன்று மூழ்கும். கோடையில் கருமண் வெடிக்கும், வெடிப்பு வேரை அறுக்கும். அதனால் மூடாக்கு கட்டாயம்.

சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் அடுக்கு, இருக்கிற இடத்தில்தான் வேலை அதிகம். ஒன்றரை, இரண்டு அடியில் வெள்ளைக் கல் தட்டும். அங்கேயே நிறுத்திக் கன்றை வைத்தால் வேர் பக்கவாட்டில் மட்டும் போகும். கடப்பாரையை வைத்து நடுவில் ஒரு முழம் அகலத்துக்காவது துளைத்து, கீழே மண் தெரிகிற வரை இறக்குங்கள். பெரும்பாலும் சுக்கான் ஒரு அடுக்குதான், அதைத் தாண்டினால் வேருக்கு வழி உண்டு.

பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் தென்னைநார்க் கழிவு சும்மாவே கிடைக்கும். பச்சையாகக் குழியில் போடாதீர்கள். மக்கும்போது மண்ணிலிருக்கிற தழைச்சத்தை அதுவே எடுத்துக்கொள்ளும், உப்பும் இருக்கும். ஒரு மழைக்காலம் வெளியில் நனைந்து கறுத்ததாக இருந்தால் ஒரு சட்டி போடலாம்.

பழைய புங்கன் அடி மண்ணைப் போடச் சொல்கிறார்களே, ஏன்?

சரியாகத்தான் சொல்கிறார்கள். புங்கன் அவரைக் குடும்பம். வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருக்கிற தழைச்சத்தை மண்ணில் பிடித்துவைக்கும் நுண்ணுயிர் அதற்கு வேண்டும். புது மனையில், கட்டட மண் கொட்டின இடத்தில் அது இருக்காது. நன்றாக இருக்கிற புங்கன் மரத்தடியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து இரண்டு கைப்பிடி மண் எடுத்து வேர்ப்பக்கம் போட்டால் போதும். யூரியா போடாதீர்கள், போட்டால் முடிச்சு கட்டுவது குறையும்.

தண்ணீர் எவ்வளவு?

முதல் மாதம், மழையில்லாத நாட்களில், இரண்டு நாளைக்கு ஒரு தடவை 10 லிட்டர். பிறகு முதல் கோடை முடிகிற வரை நாலு நாளைக்கு ஒரு குடம், 15 லிட்டர் கணக்கு. இரண்டாவது கோடையில் வாரம் 2 குடம். மூன்றாவது வருடம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை 4 குடம். அதற்கு மேல் நிறுத்திவிடலாம்.

தினம் ஒரு சொம்பு ஊற்றுவதுதான் ரொம்ப மோசம். மேல்மண் மட்டும் நனைந்து வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்; ஊருக்குப் போய்விட்டு வந்தால் கன்று கருகியிருக்கும். வட்டப்பாத்தியைத் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், வருடா வருடம் வெளியே நகர்த்துங்கள். சொட்டுநீர் என்றால் மணிக்கு 4 லிட்டர் விடுகிற சொட்டுவான் இரண்டு, இருபக்கமும். 2 மணி நேரத்தில் ஒரு குடம் சேர்ந்துவிடும்.

மேலே சோளத்தட்டோ காய்ந்த இலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு. தண்டைத் தொடாமல் போடுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பு. தாங்குமா?

வேம்பு தாங்குகிற உப்பைப் புங்கனும் தாங்கும். கன்றுப் பருவத்தில் மட்டும் இலை நுனி பழுப்பாகும். மழைத் தண்ணீர் நன்றாக இறங்கினால் உப்பு கழுவப்பட்டு அடுத்த துளிர் சுத்தமாக வரும்.

கொழுந்து மஞ்சளாக இருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை.

சுக்கான் மண்ணில் வருகிற இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதை வேருக்கு விடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. வேர் சுக்கானைத் தாண்டினதும் தானாகச் சரியாகிவிடும்.

குச்சி எப்படிக் கட்டுவது?

காற்று வருகிற மேற்குப் பக்கம் நடுங்கள், கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி. காற்றடிக்கும்போது கன்று குச்சியை விட்டு விலகணும், குச்சி மேல் போய் உரசக்கூடாது. பழைய வேட்டித்துணியை எட்டு போட்ட மாதிரி முறுக்கிக் கட்டுங்கள். பைண்டிங் கம்பி, நைலான் கயிறு வேண்டாம். ஆறே மாதத்தில் பட்டைக்குள் பதிந்துவிடும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். இரண்டாவது ஆடி தாண்டினதும் குச்சியைப் பிடுங்கிவிடலாம்.

ஆடு மாடு கடிக்குமா?

வெள்ளாடு கடிக்கும். 5 அடிக்கு மேல் போகிற வரை சுற்றிலும் இலந்தை முள் வையுங்கள், அல்லது கம்பிக் கூண்டு. இடம் இருந்தால் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போடுகிற மாதிரிக் கிளுவைப் போத்தைச் சுற்றி ஊன்றிவிடலாம், செலவே இல்லை.

தை மாதம் இலையெல்லாம் பழுத்துக் கொட்டுகிறது. செத்துவிட்டதா?

இந்தக் கேள்வி வருடா வருடம் வரும். புங்கன் தையிலிருந்து பங்குனிக்குள் இலை உதிர்க்கிற மரம். சந்தேகமாக இருந்தால் சிறு கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் செம்புக் கொழுந்து வந்து, வெயில் ஏறுவதற்குள் மரம் மூடிவிடும். இலை இல்லாத அந்த நாட்களில் பயந்துபோய்த் தினம் தண்ணீர் விட்டு வேரை அழுக வைக்காதீர்கள். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் தூரைச் சுற்றிப் பரப்புங்கள். வயலுக்குத் தழை உரமாக மிதித்துவிட்ட இலை அது.

இலை முழுக்கக் குமிழ் குமிழாக இருக்கிறதே?

கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை ஒன்று செய்கிற வேலை. கீறிப் பார்த்தால் குமிழ் உள்ளே வெறும் கூடு. அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்; வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது. சின்னக் கன்றில் பாதிக்கு மேல் இலையில் வந்தால், அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் கந்தகமே இலையைச் சுட்டுவிடும்.

இலையில் வெள்ளியாக மினுங்கும் கொப்புளம் என்றால் அது இலைத் துளைப்புழு. மொட்டு விரியாமல் உருண்டைக் கடலை மாதிரி வீங்கி நின்றால் ஒரு சின்ன ஈயின் புழு உள்ளே இருக்கிறது. அந்த மொட்டு காயாகாது. நிழலுக்கு வைத்தவர்கள் இரண்டையும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. நாலாள் உயர மரத்துக்கு மருந்தடிக்கிறேன் என்று கிளம்புவது வீண். பூக்கிற சமயத்தில் அடித்தால் தேனீதான் சாகும்.

எத்தனை வருடத்தில் நிழல் வரும்?

கயிற்றுக்கட்டில் போட்டுப் படுக்கிற நிழலுக்கு 5 வருடம். பூவும் அதே சமயத்தில் தொடங்கும், சிலது ஏழாம் வருடம்தான். பூக்கிற காலத்தில் அடியில் பொரி கொட்டின மாதிரி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிடக்கும், மேலே தேனீ இரைச்சல். அந்த வாரங்களில் காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

கவாத்து?

புங்கனைச் சும்மா விட்டால் மூன்றடியிலேயே கவையாகப் பிரிந்து புதர் மாதிரி ஆகிவிடும். முதல் மூன்று வருடம் நேராகப் போகிற ஒரு தண்டை மட்டும் விட்டு, போட்டி போடுகிற கிளையைச் சிறிசாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பக்கக் கிளையை ஒரேயடியாக மொட்டையடிக்காமல், வருடத்துக்கு ஒரு வரிசையாகக் கீழிருந்து மேலே எடுத்து, நாலாம் வருடம் 8 அடி வரை தண்டைத் தெளிவாக்குங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. இலை உதிர்ந்து கொழுந்து விடுவதற்கு முந்தின மாசி மாதம் தோது. பெரிய மரத்தில் உலர்ந்த கிளை, நெருக்கமாக உரசுகிற கிளை இருந்தால் வைகாசிக்குள், அதாவது காற்று தொடங்கும் முன்னால் எடுத்துவிடுங்கள்.

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் முறிந்து பட்டையைத் தண்டோடு உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிப்பக்கம் கால்வாசி, பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து. கடைசியில் மிஞ்சின முண்டை.

தூரைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக முளைக்கிறதே?

மண்வெட்டி பட்டு வேர் காயமான இடத்திலிருந்து வருகிறவை. மரத்தடியில் கொத்தாதீர்கள். வந்ததை இளசாக இருக்கும்போதே கையால் வேரோடு பிய்த்து எடுங்கள். அரிவாளால் அறுத்தால் ஒன்றுக்கு நாலாக வரும்.

விதை விஷமா? குழந்தைகள் இருக்கிற வீடு.

சாப்பிடக் கூடாதது. ரொம்பக் கசக்கும் என்பதால் குழந்தைகள் முழுங்குவது அபூர்வம். முழுங்கினால் வாந்தி வரும், மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெயும் சமையலுக்கு ஆகாது. பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதீர்கள், செடிக்குப் போடுங்கள். தழைச்சத்து 4 சதவீதம் அளவுக்கு இருக்கும். 4 கிலோ பருப்பை எக்ஸ்பெல்லரில் கொடுத்தால் சுமார் ஒரு கிலோ எண்ணெய் தேறும். அதைக் காய்கறிச் செடிப் பூச்சிக்கு, லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியாக மிதந்து, கடைசியில் அடிக்கிற செடி மட்டும் கருகும்.

வாசல் முழுக்க பேவர் பிளாக் போடுகிறோம். மரத்தைச் சுற்றி எவ்வளவு விடுவது?

தூரிலிருந்து எல்லாப் பக்கமும் 4 அடி மண்ணாகவே விடுங்கள். அழகுக்காகத் தூரைச் சுற்றித் திண்ணை கட்டி உள்ளே மண் நிரப்புகிறார்கள். அந்த மண் பட்டையை மூடி, ஈரம் தங்கி, தூர் அழுகத் தொடங்கும். திண்ணை வேண்டுமென்றால் தூரிலிருந்து 4 அடி தள்ளிக் கட்டி, உள்ளே தரை மட்டத்தை ஏற்றாமல் விட்டுவிடுங்கள்.